புறப்பாடு 6.10

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் நடுவில் உள்ள அத்தனை ஸ்டாப்பும் மனப்பாடம். இந்த வண்டி பத்து ஐந்துக்கு எடுக்க வேண்டியது. பத்து ஒன்பதுக்கு எடுத்திருக்கிறார்கள். நாலு நிமிடம். இப்போது யாரும் கேட்பதில்லை. நான் இருந்தபோது கேட்பேன்.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தேன். சின்ன அறை ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். கண்டக்டர்கள் ஓடி வந்து ஜன்னல் வழியாகத் தாளை நீட்டுவார்கள். அந்த ஜன்னலுக்கு உள்ளே இருந்தவன் நான். வண்டி வெளியே போனால் புறப்பாடு. உள்ளே வந்தால் வருகை. இரண்டு கட்டம். இரண்டும் நிரம்பினால் என் வேலை முடிந்தது.

நீங்கள் எது வரைக்கும்? ஏர்போர்ட்டா? நல்லதாகப் போயிற்று, நானும் அங்கேதான். மச்சினன் வருகிறாரா, சிங்கப்பூரிலிருந்து? பதினொன்று பதினைந்துக்கு இறங்குகிற விமானமாக இருக்கும். அங்கே ஒன்பது முப்பத்தைந்துக்குக் கிளம்பியிருக்கும். பார்த்தீர்களா, தலையை ஆட்டுகிறீர்கள். அட்டவணையெல்லாம் எனக்குத் தெரியும். ஒன்பது முப்பத்தைந்துக்குக் கிளம்பிப் பதினொன்று பதினைந்துக்கு இறங்கினால் எத்தனை மணி நேரம்? ஒன்றே முக்கால்கூட இல்லை. ஆனால் உண்மையில் நாலு மணி பத்து நிமிடம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதனால் வருகிறவர்களுக்கு இரண்டரை மணி நேரம் சும்மா கிடைக்கிறது. அதே விமானம் பன்னிரண்டு இருபதுக்குத் திரும்பிப் போகும். அங்கே இறங்கும்போது மணி இரவு ஏழு. போகிறவர்களிடமிருந்து அந்த இரண்டரை மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். தொலைந்து போகாது. திரும்பி வந்தால் கையில் கொடுத்துவிடுவார்கள்.

நானா? நான் யாரையும் வரவேற்கப் போகவில்லை. என் சம்சாரத்தைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன். பேர் வேதவல்லி. அவசரம் ஒன்றுமில்லை. அவள் எங்கேயும் போக முடியாது. பாஸ்போர்ட் இதோ, இந்த மஞ்சள் பையில் இருக்கிறது. அது இல்லாமல் வாசல் சிப்பாயே உள்ளே விடமாட்டான். பாவம், எட்டு மணியிலிருந்து வெளியே ஏதாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

சண்டையெல்லாம் இல்லை. நீங்கள் வேறு. எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. சண்டை போட இரண்டு பேர் பேச வேண்டும்.

என் மகள் சுகந்தி சிங்கப்பூரில் இருக்கிறாள். பதினோரு வருஷமாகிறது. இரண்டு வரன் வந்தது. ஒன்று மெட்ராஸ், கொளத்தூர்ப் பக்கம். இன்னொன்று சிங்கப்பூர். மெட்ராஸ் மாப்பிள்ளையே போதும் என்று வேதா பிடிவாதமாக நின்றாள். “பொண்ணு கண்ணுக்கெட்டுற தூரத்துல இருக்கணும்ங்க” என்றாள். நான் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னேன். இதோ பார், புதுக்கோட்டையிலிருந்து மெட்ராஸுக்குப் பஸ்ஸில் எட்டு மணி நேரம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம். எது கிட்ட? கிலோமீட்டரில் பார்த்தால் மூவாயிரத்தை ஒட்டி வரும், ஒத்துக்கொள்கிறேன். இந்த வண்டி மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் அங்கே போவதாக வைத்துக்கொண்டால் எழுபத்தைந்து மணி நேரம் ஆகும். மூன்று நாள், மேலே மூன்று மணி நேரம். நடுவில் கடல் இருக்கிறது, அதை விடுங்கள். ஆனால் மனிதனுக்கு நேரம்தானே தூரம்? சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னாலேயே சொன்னேன், மெட்ராஸைவிடச் சிங்கப்பூர்தான் எங்களுக்குப் பக்கம் என்று. எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, “சம்பந்தி கணக்குல ரொம்ப ஸ்ட்ராங்” என்றார்.

சுகந்தி மூன்று முறை வந்துவிட்டுப் போனாள். முதல் பிரசவம் இங்கேதான் நடந்தது. பையன், முகிலன் என்று பேர். இப்போது ஒன்பது வயது.

வேதாவா? இல்லை. அவள் போனதில்லை.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றுதான் சொன்னேன். நாலு மணி நேரம்தானே, எங்கே ஓடிப்போகிறது? கல்யாணம் முடிந்த கையோடு பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்ததே நான்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி எப்போதும் என் இடுப்பில் இருக்கும், குளிக்கும்போது மட்டும் குளியலறைக்கு வெளியே ஆணியில் தொங்கும்.

இரண்டாவது பிரசவம் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். சுகந்தி போனில் அழுதாள். அம்மாவ ஒரு மாசம் அனுப்புங்கப்பா என்றாள். நான் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். வீட்டிலிருந்து ஏர்போர்ட் ஒன்றரை மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். பறப்பது நாலு பத்து. இறங்கி முத்திரை வாங்கி வெளியே வர ஒரு மணி. டாக்ஸி நாற்பது நிமிடம். கூட்டுங்கள். பத்து மணி இருபது நிமிடம். சர்க்கரை உள்ளவள் அவ்வளவு நேரம் எப்படி உட்காருவாள்?

வேதா கேட்டாள். “ஏங்க, கல்யாணத்தப்ப நாலு மணி நேரம்னீங்களே.”

“அது விமானம் பறக்குற நேரம்.”

“இப்ப பத்து மணி நேரத்துக்கு மேலங்கறீங்க.”

“இது வீட்டுலேர்ந்து வீட்டுக்கு.”

“அப்ப எம் பொண்ணு எந்தத் தூரத்துலதாங்க இருக்கா?”

“ரெண்டும்தான்” என்றேன். சரியான பதில்தானே? அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். படிக்காதவர்களுக்கு இதெல்லாம் விளங்க வைப்பது கஷ்டம் தம்பி. இருக்கிற இடத்தில் இரு, அதுதான் பத்திரம் என்று விட்டுவிட்டேன்.

கூடவே நானும் போயிருக்கலாமா? எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். விமானம் பயமெல்லாம் இல்லை. ஜன்னல் திறக்க முடியாத வண்டியில் நான் ஏறுவதில்லை, அவ்வளவுதான். வேண்டாம் என்றால் இறங்க வழி இருக்க வேண்டும். இந்த வண்டியைப் பாருங்கள். விசில் அடித்தால் நிற்கும். இறங்கிக்கொள்ளலாம்.

கீரனூர். பத்து நாற்பத்திரண்டு. இரண்டு நிமிடத்தைப் பிடித்துவிட்டான், டிரைவர் பரவாயில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. பதினோரு வருஷத்தில் எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். எங்கள் சமையலறைக் கடிகாரம். சுகந்தி கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. வட்டமாக, அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறது. அவள் ஊருக்குப் போன மறுவாரம் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். காலை எட்டரைக்கு அது பதினொன்று காட்டுகிறது. பேட்டரிக் கோளாறு என்று நினைத்து ஸ்டூல் போட்டு ஏறிச் சரி செய்தேன். மறுநாள் மறுபடி இரண்டரை மணி நேரம் முன்னால் நிற்கிறது. பேட்டரிக் கோளாறு என்றால் ஐந்து நிமிடம் பத்து நிமிடம் வித்தியாசம் வரும். கச்சிதமாக இரண்டரை மணி நேரம் எப்படி வரும்?

ஆமாம், அதேதான். எனக்கும் உடனே புரிந்துவிட்டது. சிங்கப்பூர் மணி.

கேட்டேன். “வேதா, ஒரு வீட்டுக்கு ஒரு மணிதான் இருக்கணும்.”

“ஹால்ல உங்க மணி இருக்கட்டும்ங்க. அடுப்படியில எது இருந்தா என்ன?”

“பால்காரன் வர்ற நேரம் தெரியாமப் போயிடும்.”

“பால்காரன் மணி பாத்தா வர்றான்? மாடு கறந்தா வர்றான்.”

இப்படிப் பேசினால் என்ன செய்வது? மனசுக்குள் இரண்டரையைக் கூட்டிக்கொள்ளக் கூடாதா? கூட்டல் தெரியாதவள் இல்லை. காலை பதினோரு மணிக்குக் கீரை ஆய்ந்துகொண்டே அண்ணாந்து பார்த்துவிட்டு, “இப்பப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்துக்கிட்டிருப்பான்” என்பாள். யாரிடம் சொல்கிறாள்? நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் ஆறரைக்கு, “சின்னதுக்குத் தூக்கம் வந்துரும்” என்பாள். வெளியே வெயில்கூட முழுசாக இறங்கியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஸ்டூல் போட்டு ஏறிச் சரியான நேரம் வைப்பேன். திங்கட்கிழமை மதியம் பார்த்தால் மறுபடி முன்னால் போயிருக்கும். அவளும் ஸ்டூல் போட்டுத்தான் ஏறியிருப்பாள், முழங்கால் வலியோடு. அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நான் வைப்பேன். அவள் மாற்றுவாள். பதினோரு வருஷம்.

ஏன் நிற்கிறது வண்டி? எட்டிப் பாருங்கள் தம்பி. பத்து ஐம்பத்தொன்று. இங்கே ஸ்டாப் கிடையாதே.

ஆரோக்கியசாமி, என்னப்பா ஆச்சு? செங்கல் லாரியா? சின்னப் பாலத்திலா சாய்ந்து கிடக்கிறது? சைக்கிள்கூட நுழைய வழியில்லையா? கிரேன் எங்கிருந்து வர வேண்டும்?

கேட்டீர்களா அவன் சொன்னதை? “டைம் கீப்பர் சார் இருக்காரு, எல்லாரும் ஒழுங்கா லேட்டாகுங்க” என்கிறான். இந்தக் கண்டக்டர் என்னிடம் வேலை கற்ற பையன். பதினைந்து வருஷம் முன்னால் என் ஜன்னலுக்கு வெளியே கைகட்டி நின்றவன். பரவாயில்லை, சிரிக்கட்டும்.

நமக்கென்ன அவசரம்? உங்கள் மச்சினன் இறங்கிப் பெட்டி எடுத்து வரவே பன்னிரண்டு ஆகும். வேதாவும் அங்கேதான் இருப்பாள்.

இன்று காலை என்ன நடந்தது என்று முறையாகச் சொல்கிறேன். நான் ஆறு மணிக்குக் குளிக்கப் போவேன். பதினோரு நிமிடம். கோடையானாலும் மழையானாலும் பதினோரு நிமிடம்தான். வெளியே வந்தேன். காப்பி மூடி வைத்திருந்தது. ஹாட் பாக்கில் இட்லி இருந்தது. ஆளைக் காணோம். காலண்டர் பக்கம் பார்த்தேன்.

காலண்டர் விஷயத்தைச் சொல்லவில்லையே. ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. தினசரிக் காலண்டர்த் தாளில் ஓரமாக எழுதிவிடுவேன். வேதா மார்க்கெட், புறப்பாடு 5.10, வருகை 5.52. வேதா கோயில், புறப்பாடு 6.30, வருகை 7.05. மறுநாள் தாளைக் கிழித்துக் கம்பியில் குத்தி வைப்பேன். சந்தேகமெல்லாம் இல்லை தம்பி, சத்தியமாக இல்லை. கைப்பழக்கம். ஒரு வண்டி வெளியே போனால் அது எப்போது உள்ளே வந்தது என்று யாராவது ஒருவர் எழுதித்தானே ஆக வேண்டும்?

இன்றைய தாளில் அவளே எழுதியிருக்கிறாள். அவள் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். “சுகந்திகிட்ட. புறப்பாடு 6.10.” அவ்வளவுதான். வருகை என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறாள்.

ஆறு பத்து. நான் தாழ்ப்பாளைத் திறந்தது ஆறு பதினொன்றுக்கு. ஒரு நிமிடம்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பன்னிரண்டு இருபது விமானத்துக்கு எந்தப் புத்திசாலி ஆறு பத்துக்குக் கிளம்புவான்? ஒன்பது இருபதுக்கு அங்கே இருந்தால் போதும். பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சரும் இல்லை, அவள்தான் ஆட்டோ வைத்துக் கூட்டிப் போயிருப்பாள். உடனே பீரோவைத் திறந்து பார்த்தேன். பாஸ்போர்ட் இருந்த இடத்தில் இருக்கிறது. அப்புறம் என்ன கவலை? காப்பி குடித்தேன். இட்லி சாப்பிட்டேன். எட்டுக்குத் திருப்பி அனுப்பினால் ஒன்பதரைக்குள் வந்துவிடுவாள் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ஒரே ஒரு போன்தான், அது என்னிடம் இருக்கிறது. சுகந்திக்கு நாலு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். “அம்மா வரட்டும்பா.” நான் பதில் போட்டேன், “பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது.” அதற்கு அவள் ஒரே வார்த்தை. “தெரியும்பா.”

தெரிந்தால் அம்மாவுக்குச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டாமா? இந்தக் காலத்துப் பிள்ளைகள்.

இன்னொன்று சொல்கிறேன், அது இன்னும் வேடிக்கை. அந்தப் பாஸ்போர்ட்டே போன வருஷத்தோடு முடிந்துவிட்டது. பத்து வருஷம்தானே அதற்கு ஆயுள்? “புதுப்பிக்க வேணாமாங்க?” என்று அப்போதே கேட்டாள். போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இருந்தாலும் செல்லாது, இல்லாவிட்டாலும் போக முடியாது. அந்தத் தேதியை அவள் கண்ணில் காட்டத்தான் கையோடு எடுத்து வந்தேன். பார், இதை வைத்துக்கொண்டு எங்கே போவாய், வா வீட்டுக்கு, அப்புறம் ஒரு நாள் பார்ப்போம் என்று சாந்தமாகச் சொல்வேன். கத்தமாட்டேன்.

நீங்களும் பாருங்கள். இந்தாருங்கள். போட்டோவில் எவ்வளவு ஒல்லியாக இருக்கிறாள் பாருங்கள். மூலையா? அது அந்த முகிலன் செய்த வேலை. போன தடவை வந்தபோது கத்தரிக்கோலை எடுத்து எதையாவது வெட்டிக்கொண்டே இருந்தான். நான் காலையில்தான் கவனித்தேன்.

என்ன?

என்ன சொன்னீர்கள்?

இருங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். புதுசு கொடுத்தால்தான் பழையதை வெட்டுவார்களா? உங்களுடையதையும் அப்படித்தான் வெட்டினார்களா? உள்ளே முத்திரையா? எங்கே? கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன், இருங்கள்.

ரத்து.

தேதி... மார்ச் பதினேழு.

மார்ச் பதினேழு என்றால்... தம்பி, அன்றைக்கு நான் தாளில் எழுதியிருக்கிறேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரெஜினா டீச்சரின் தங்கை மகளுக்கு வளைகாப்பு. திருச்சி. புறப்பாடு 8.20, வருகை 3.45. அந்தத் தாள் கம்பியில் இருக்கிறது, என் கையெழுத்தில். “என்ன சாப்பாடு?” என்றுகூடக் கேட்டேன். “கலவை சாதம்” என்றாள். ஐந்து விதம் சொன்னாள். புளியோதரையில் உப்பு கம்மி என்றாள்.

அப்படியானால் பீரோவிலிருந்து எப்படி எடுத்தாள்? சாவி என் இடுப்பில்...

பதினோரு நிமிடம்.

அதற்கப்புறம் ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டுப் போனாராம். நான் சாயங்கால நடைக்குப் போயிருந்தேன், ஐந்து பத்திலிருந்து ஆறு ஐந்து வரை. முக்குக் கடைக்காரன் சொன்னான். கேட்டதற்கு, “யார் வீட்டு விலாசமோ கேட்டாருங்க” என்றாள். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்திருக்கிறார். வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, காப்பிகூடக் குடித்திருப்பார். எங்கள் வீட்டில்.

பழையதைத் திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறாள் தம்பி. அதே துணிக்கு அடியில். இன்னொரு பதினோரு நிமிடத்தில்.

மணி என்ன? பதினொன்று இருபது. ஒரு மணி நேரம் முன்னாலேயே கவுண்டரை மூடிவிடுவார்கள். இப்போது மூடியிருப்பார்கள். இல்லை, உள்ளே போயிருந்தாலும் விமானம் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. வாசலில் ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பினால் வரமாட்டாளா? மைக்கில் கூப்பிடுவார்களே, பேரைச் சொல்லி. நான் வந்திருக்கிறேன் என்று தெரிந்தால் வருவாள். நிச்சயம் வருவாள்.

ஆரோக்கியசாமி, கதவைத் திற. நான் இறங்கி நடக்கிறேன்.

பதிமூன்று கிலோமீட்டரா? மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால்... இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏதாவது வண்டி கிடைக்காதா? அங்கேயும் வரிசையாக நிற்கிறதா?

“இந்த வெயில்ல எங்க சார் போறீங்க? மயங்கி விழுந்தா யாரு பாக்குறது? இருக்குற எடத்துலயே இருங்க சார், அதான் பத்திரம்.”

என்னிடமா சொல்கிறான்?

இந்த ஜன்னலைக் கொஞ்சம் தூக்குங்கள் தம்பி. வரவில்லையா? இறுகிக்கிடக்கிறதா? இன்னும் பலமாக. விடுங்கள். பரவாயில்லை. கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா?

பன்னிரண்டு ஆகிவிட்டது. உங்கள் மச்சினன் போன் செய்தாரா? வெளியே வந்துவிட்டாரா? அவரிடம் ஒன்று கேட்க முடியுமா? உள்ளே போகிற கூட்டத்தில் ஒரு அம்மாவைப் பார்த்தாரா என்று. குள்ளமாக இருப்பாள். நடக்கும்போது வலது முழங்காலை லேசாக இழுப்பாள். புடவை என்ன நிறமா?

தெரியவில்லையே தம்பி. எந்தப் புடவை கட்டினாள் என்று நான் பார்க்கவில்லையே. தாளில் நேரத்தை மட்டும்தானே எழுதுவேன்.

பார்க்கவில்லை என்கிறாரா? வருகிற கதவு வேறு, போகிற கதவு வேறாம். ஆமாம், அப்படித்தான் இருக்கும். இரண்டும் வேறு வேறாகத்தான் வைப்பார்கள்.

ஒன்று சொல்கிறேன். நான் அவளைப் போகவிட்டிருப்பேன். அடுத்த வருஷம் நிச்சயமாக விட்டிருப்பேன். பேரனுக்குப் பத்து வயது முடியட்டும் என்று இருந்தேன். வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருக்கிறாள், சரி. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணினேன், அதை எண்ணவில்லை.

கிரேன் வந்துவிட்டதா? சத்தம் கேட்கிறதே.

இல்லை, அது கிரேன் இல்லை. மேலே. உங்கள் பக்கம் பாருங்கள் தம்பி, அந்தப் பனைமரங்களுக்கு மேலே. தெரிகிறதா? பன்னிரண்டு இருபத்தாறு. ஓடுபாதை வரைக்கும் மெதுவாக உருண்டு போகிற நேரத்தைக் கழித்துவிட்டால் சரியாகக் கிளம்பியிருக்கிறான். ஒரு நிமிடம்கூடத் தாமதம் சொல்ல முடியாது.

அவளுக்கு ஜன்னல் பக்கம் கிடைத்திருக்குமா? உள்ளே இருந்து பார்த்தால் இந்த ரோடு தெரியும், இல்லையா? நிற்கிற வண்டி வரிசை தெரியும். எறும்பு மாதிரி. எந்த எறும்பு என்று தெரியாது.

திரும்புகிறது பாருங்கள். கிழக்கே.

போய்விட்டது.

கிரேன் அந்தப் பக்கமாக வந்து லாரியை ஒதுக்கிவிட்டதாம். வண்டி எடுத்துவிட்டான். இவ்வளவு நேரம் கழித்து இப்போது எடுக்கிறான். ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம். என் காலத்தில் இதற்கு மூன்று பக்கம் விளக்கம் எழுத வேண்டும்.

நான் இறங்கவில்லை தம்பி, நீங்கள் இறங்குங்கள், உங்கள் மச்சினன் காத்திருப்பார். நான் திருச்சி வரை போய் அங்கிருந்தே வண்டி மாறிக்கொள்கிறேன். ஏர்போர்ட் ஸ்டாப்பில் இறங்கி என்ன செய்வது? வீட்டுக்கும் அவசரமாகப் போக வேண்டியதில்லை.

வீடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. காலையில் இட்லி எடுக்க உள்ளே போனபோது அடுப்புக்கு மேலே பார்த்தேன். கடிகாரம் ஆறு நாற்பது காட்டியது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நாற்பது. ஒரு நிமிடம் முன்பின் இல்லை. இன்றைக்கு வியாழக்கிழமை. நான் ஞாயிற்றுக்கிழமை வைத்தது திங்கட்கிழமையே மாறியிருக்கும், மாறியிருந்ததை நானே பார்த்தேன். அப்படியானால் போகிற அவசரத்திலும் ஸ்டூல் போட்டு ஏறி, சரியான நேரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பதினோரு வருஷம் கழித்து வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். நின்று ரசித்துவிட்டுத்தான் இட்லி எடுத்தேன்.

ஸ்டூலைக்கூட எடுத்து ஓரமாக வைத்திருந்தாள்.

இதுதான் ஏர்போர்ட் வளைவு. பார்த்து இறங்குங்கள். இருங்கள், உங்கள் போனில் அங்கே இப்போது மணி என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். வேண்டாம், வேண்டாம். இரண்டரையைக் கூட்டினால் போதும். பன்னிரண்டு ஐம்பது. மூன்று இருபது.

பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பான்.